மூஸ் கிராமத்துப் பள்ளி: அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் கல்வியும் மொழியும்

1902ஆம் ஆண்டு லண்டன் மானிடவியல் நிறுவனத்தின் ஆய்விதழில், கார் நிக்கோபார்த் தீவில் எழுதப்பட்ட நாட்குறிப்பு ஒன்றின் பகுதிகள் வெளியாயின. தீவினரின் விழாக்களையும் சாவுச் சடங்குகளையும் அருகிருந்து பார்த்துக் குறித்துவைத்த அந்த ஆவணத்தை எழுதியவர் ஆங்கில அதிகாரியோ ஐரோப்பியப் பாதிரியாரோ அல்லர். வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். மூஸ் என்ற கடற்கரைக் கிராமத்தில் அவர் பிரித்தானிய அரசின் முகவர். ஆங்கிலிகன் திருச்சபையின் உபதேசியார். அங்கிருந்த சிறு பள்ளியின் ஆசிரியரும் அவரே. நிக்கோபார் இனவரைவியலைப் படிப்போர் அவர் பெயரை அடிக்குறிப்புகளில் கண்டிருக்கக்கூடும். தமிழில் எழுதப்படும் கல்வி வரலாறுகளில் அவர் தென்படுவது அரிது.

அந்தமான் நிக்கோபாரின் கல்விச் சிக்கல்களைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாகத் தொலைவிலிருந்து தொடங்குகின்றனர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மனிதர் வாழும் தீவுகள் 31. வடக்கிலிருந்து தெற்கு வரை 700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடற்பரப்பு. இவை எல்லாம் உண்மையே. ஆயினும் நூற்றறுபது ஆண்டுப் பள்ளி வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது கடலைவிடப் பெரிய தடை ஒன்று புலப்படுகிறது. ஆசிரியர், பாடநூல், தேர்வு, பயிற்றுமொழி ஆகிய நான்கும் எப்போதும் வெளியிலிருந்தே கப்பலேறி வந்தன. ஒரே ஓர் இடத்தில், ஒரு தலைமுறைக்காலம், அந்த ஓட்டம் திசை மாறியது. அந்த இடம் மூஸ்.

மூஸுக்கு முன்பும் முயற்சிகள் இருந்தன. 1756இல் நிக்கோபார்த் தீவுகளுக்கு உரிமை கொண்டாடிய டேனியர் அவற்றைத் தரங்கம்பாடியிலிருந்தே ஆள நினைத்தனர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவியச் சகோதரர்களின் உண்மையான இலக்கும் நிக்கோபாரே. 1768 முதல் 1787 வரை நான்கெளரித் தீவில் அவர்கள் முயன்றனர். காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொன்றது. பள்ளி என்று சொல்லத்தக்க எதுவும் எஞ்சவில்லை. அவர்கள் புறப்பட்ட ஊரில்தான் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கித் தமிழ் கற்றார். தமிழ் எழுத்தில் அச்சிட்டார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அதே துறைமுகத்திலிருந்து சென்ற கப்பல்களால் நிக்கோபாருக்கு ஓர் எழுத்தைக்கூடக் கொண்டுசேர்க்க முடியவில்லை. தமிழுக்கு அப்போதே எழுத்தும் ஏடும் திண்ணைப் பள்ளியும் இருந்தன. நிக்கோபாரி மொழிகளுக்கு எழுத்து இல்லை. வேறுபாட்டுக்குக் காய்ச்சல் மட்டும் காரணமன்று.

அந்தமான் பக்கம் தொடக்கமே வன்முறையில் அமைந்தது. 1857 எழுச்சியை அடக்கிய பின், 1858 மார்ச்சில் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது. 1863 தொடக்கத்தில் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த ஒருவன் அந்தமானியரால் கொல்லப்பட்டான். இருவர் பிடிக்கப்பட்டு ராஸ் தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். இறந்தவன் ஓர் அந்தமானியப் பெண்ணிடம் தவறாக நடக்க முயன்றதே கொலைக்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. அந்த ஆண்டே ஹென்றி கார்பின் என்ற திருச்சபைக் குரு ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். உணவும் உடையும் தந்து, ஆங்கில எழுத்தும் கைத்தொழிலும் கற்பித்து, காட்டு மக்களை நாகரிகப்படுத்துவது திட்டம். வந்தவர்கள் விரும்பியபோது வெளியேற இயலவில்லை, காவல் இருந்தது, வேலை வாங்கப்பட்டது, சிலர் கடலில் நீந்தித் தப்பினர். கார்பின் சிலரைக் கல்கத்தாவுக்கும் அழைத்துச் சென்று காட்டினார். பள்ளி, சிறை, காட்சிச்சாலை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இயங்கின என்று சொன்னால் அது மிகையாகாது. ஓராண்டுக்குள் கார்பின் விலகினார். இல்லம் ஜெரமையா ஹாம்ஃப்ரேயின் பொறுப்பில் தொடர்ந்தது. குழந்தைகளுக்குத் தனி விடுதியும் அமைந்தது.

இதன் விளைவைக் கணக்கெடுப்பு அறிக்கைகளில் படிக்கலாம். இல்லங்களின் வழியே மேகநோய் பரவியது 1876இல் கண்டறியப்பட்டது. 1877இல் தட்டம்மை வந்தது. குடியேற்றம் தொடங்கியபோது சில ஆயிரம்பேர் இருந்ததாக மதிப்பிடப்படும் பெரிய அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். எஞ்சியவர்களைப் பின்னாளில் அரசு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தி அங்கே பள்ளியும் வைத்தது. பிள்ளைகள் இந்தி கற்றனர். 2010 ஜனவரியில் போவா சீனியர் மறைந்தபோது போ மொழியைப் பேச வேறு எவரும் இல்லை. மொழியியலாளர் அன்விதா அப்பி தம் அகராதிக்காக அம்மக்களிடம் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. பள்ளிக்கூடம் அந்த மொழியைக் கொன்றது என்று சொல்வது மிகை. நோயும் நில இழப்பும் அந்த வேலையை முன்பே முடித்துவிட்டன. ஆனால் அந்த மொழியைக் காக்கும் இடமாகப் பள்ளியை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

தண்டனைக் குடியேற்றத்துக்குள் நடந்த கல்வி வேறு வகை. அங்கே மண உறவு கொண்டு குடியமர்ந்த கைதிகளின் பிள்ளைகளை 'லோக்கல் பார்ன்' என்று ஆவணங்களும் அழைத்தன, தீவு மக்களும் அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர். சாதியும் மொழியும் மாகாணமும் கலந்த பெற்றோருக்குப் பிறந்த இவர்களின் பொதுமொழி இந்துஸ்தானி. இங்கே கைதிகளின் ஆண் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி கட்டாயமாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கோகலே 1911இல் கொண்டுவந்த கட்டாயக் கல்வி மசோதா தோற்கடிக்கப்பட்ட நாட்டில், சிறைத்தீவில் மட்டும் அரசு கட்டாயக் கல்வியை நடத்திப் பார்த்தது என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. நோக்கம் அறிவூட்டல் என்பதைவிட ஒழுங்கு என்பதே பொருந்தும். ஆயினும் இதன் ஒரு விளைவு நிலைத்தது. எவருக்கும் தாய்மொழி அல்லாத, எல்லோருக்கும் விளங்கிய இந்துஸ்தானி, தீவின் தெருமொழியாகவும் பள்ளிமொழியாகவும் ஒருங்கே வேர்கொண்டது.

நிக்கோபாரில் பிரித்தானியர் 1869இல் காமோர்ட்டாவில் அமைத்த தண்டனை நிலையம் 1888இல் மூடப்பட்டது. அங்கே அதிகாரியாக இருந்த டேனியர் டெ ரோப்ஸ்டார்ஃப் நான்கெளரி மொழியைக் கற்று அகராதி தொகுத்தார். 1883இல் காவற்படை ஹவில்தார் ஒருவனால் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அகராதி மறு ஆண்டு கல்கத்தாவில் வெளிவந்தது. ஈ. எச். மேன் 1889இல் வெளியிட்ட அகராதியும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. இருவருமே மொழியை மதித்தவர்கள்; ஆனால் அந்த அகராதிகள் ஆள்வோருக்கும் ஆய்வோருக்கும் ஆனவை. தீவுக் குழந்தையின் கையில் வைக்கத்தக்க நூல் அதுவரை ஒன்றும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 1890களின் நடுவில் சாலமன் மூஸுக்கு வந்தார். போர்ட் பிளேயரில் பழங்குடிப் பிள்ளைகளோடு பழகிய அனுபவம் அவருக்கு இருந்தது. கிராமத்தோடு சேர்ந்து வாழ்ந்தார், சண்டைகளைத் தீர்த்தார், வணிகக் கப்பல்களைக் கவனித்தார், கிடைத்த சிறுவர்களுக்குக் கற்பித்தார். அவரும் வெளியிலிருந்து வந்தவரே. அவர் பள்ளியின் நோக்கம் மதமாற்றம் என்பதில் ஐயமில்லை. அவருடைய நாட்குறிப்பில் தீவினரின் நம்பிக்கைகள் ஒரு கிறித்தவ உபதேசியாரின் கண் வழியாகவே தெரிகின்றன. இருந்தும், பிற முயற்சிகளில் நிகழாத ஒன்று அங்கே நிகழ்ந்தது. அவரிடம் படித்த சிறுவர்களுள் ஒருவர், 1884இல் மூஸில் பிறந்த ஹா-செவ்-கா, பர்மாவின் மாண்டலேயில் இருந்த மிஷன் பள்ளிக்கு மேற்படிப்புக்காக அனுப்பப்பட்டார். ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரோடு அவர் திரும்பி வந்து, 1910களின் தொடக்கத்தில் தம் சொந்தக் கிராமத்திலேயே ஆசிரியரானார்.

இந்தத் திரும்பி வருதலே முக்கியம். தீவுகளிலிருந்து படிக்கப் போனவர்கள் முன்பும் உண்டு. ஆனால் ரிச்சர்ட்சன் கார் நிக்கோபாரி மொழியை ரோமன் எழுத்தில் எழுதிக் கற்பித்தார். அங்கு மிஷனரியாக இருந்த ஜார்ஜ் ஒயிட்ஹெட் 1925இல் ரங்கூனில் கார் நிக்கோபாரி அகராதியை வெளியிட்டார். விவிலிய மொழிபெயர்ப்பு ரிச்சர்ட்சனின் வாழ்நாள் பணியாயிற்று. தீவில் கால்பந்தைப் பரப்பியவரும் அவரே. பாடல், விளையாட்டு, வாசிப்பு என மூன்றும் ஒரே மனிதரிடமிருந்து வந்ததாலும், அவர் தம் மக்களுள் ஒருவராக இருந்ததாலும், பள்ளி அங்கே வேற்றுப் பொருளாக இல்லாமல் ஊரின் பகுதியாயிற்று. 'துஹேத்' எனப்படும் கூட்டுக்குடும்ப அமைப்பே நிலத்துக்கும் பன்றிக்கும் தென்னைக்கும் உரிமையுள்ள அந்தச் சமூகத்தில், வெளியாள் ஒருவர் சொல்லி ஒரு பிள்ளை பள்ளிக்கு வருவது வேறு. குடும்பத்தார் ஒருவர் சொல்லி வருவது வேறு.

1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேயரில் இறங்கியது. ஒற்றர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் நடந்த கொலைகளில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் குறிவைக்கப்பட்டனர். போர்ட் பிளேயரில் மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் செல்லுலார் சிறையில் வதைக்கப்பட்டு 1944 ஜனவரியில் இறந்தார். கார் நிக்கோபாரில் ரிச்சர்ட்சனின் மகன் லெஸ்லி கொல்லப்பட்டார். தந்தை மயிரிழையில் உயிர் தப்பினார். போருக்குப் பின் தீவு முழுவதும் அவரைச் சுற்றித் திரண்டது. 1950இல் அவர் ஆயரானார். 1952இல் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபாரின் உறுப்பினராகக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டார். கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் தீவுகளின் குரலாக டெல்லிக்குச் சென்றது அந்தப் பள்ளியின் வெற்றிக்கு ஒரு சான்று.

அந்த வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. நிக்கோபாரி என்பது ஒரே மொழியன்று. சௌரா, தெரசா, நான்கெளரிக் குழு, பெரிய நிக்கோபார் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேச்சு உண்டு. ஒன்றைப் பேசுவோர்க்கு மற்றொன்று எளிதில் விளங்குவதில்லை. எழுத்து பெற்றது கார் நிக்கோபாரி. திருச்சபையின் வழி அதுவே பிற தீவுகளுக்கும் நூல்மொழியாகச் சென்றது. ஆக, சௌராக் குழந்தைக்குத் 'தாய்மொழிப் பாடம்' என்று கிடைப்பது அண்டைத் தீவின் மொழி. சிறுபான்மைக்குள் இன்னொரு சிறுபான்மை உண்டு என்பதை மொழிக் கொள்கை ஆவணங்கள் இன்றும் கணக்கில் கொள்வதில்லை.

விடுதலைக்குப் பின் கல்வி பரவிய வேகத்தைக் குறைத்து மதிப்பிட இயலாது. எழுத்தறிவு 1991இல் 73.02 விழுக்காடு, 2001இல் 81.30, 2011இல் 86.63. அகில இந்தியச் சராசரியைவிட இது எப்போதுமே மேல். சிறு தீவுகளிலும் அரசுப் பள்ளி உண்டு. ஆனால் இந்த விரிவாக்கம் மூஸின் பாதையில் செல்லவில்லை.

1956ஆம் ஆண்டின் ஏழாவது அரசமைப்புத் திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. அந்தமான் நிக்கோபாரை ஒன்றியப் பகுதியாக்கியது; மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்னும் 350அ பிரிவையும் சேர்த்தது. மாநிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது: பெரும்பான்மை மொழி ஒன்று இருக்கும், அதனருகே சிறுபான்மை மொழிகள் இருக்கும் என்பது அதன் எடுகோள். தீவுகளில் அந்த எடுகோளே செல்லாது. 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம் 28.49 விழுக்காடு, இந்தி 19.29, தமிழ் 15.20, தெலுங்கு 13.24, நிக்கோபாரி 7.65, மலையாளம் 7.22. இங்கே எல்லா மொழியும் சிறுபான்மை மொழியே.

இந்தக் கலவை தானாக உருவானதன்று. கிழக்கு வங்க அகதிகளை 1949 முதல் அரசு கொண்டுவந்து குடியமர்த்தியது. தமிழரும் தெலுங்கரும் கூலி வேலைக்கும் வணிகத்துக்கும் வந்தனர். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து நிக்கோபார்க் காட்டுக்கு வந்த அப்பிள்ளைகளின் கல்வி வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

நிர்வாகம் தேர்ந்த வழி, ஆங்கிலம், இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு எனப் பல பயிற்றுமொழிகளில் பள்ளி நடத்துவது. கொள்கையளவில் இது பெருந்தன்மையான ஏற்பாடு. பெரிய மாநிலங்கள் பலவற்றில் காணக்கிடைக்காதது. இடர்ப்பாடு மேலே ஏறும்போது தொடங்குகிறது. பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு இணைந்தவை. மேல்நிலை வகுப்பில், சிறப்பாக அறிவியல் பிரிவில், ஆங்கிலம் தவிர்க்க இயலாதது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் விசையும் திசைவேகமும் படித்த மாணவர் பதினொன்றாம் வகுப்பில் அவற்றை வேற்றுமொழிச் சொற்களாகப் புதிதாகக் கற்க வேண்டும். தமிழ்நாட்டு மாணவருக்கும் இந்தத் தாவல் உண்டு. ஆனால் அவருக்குத் தமிழில் தேர்வெழுதும் வாரியமும், தமிழ்வழி இளங்கலையும், நூலகமும், நாளிதழும் ஊரிலேயே உண்டு. தீவில் தமிழ்வழிப் பள்ளிக்கு முன்னும் பின்னும் அத்தகைய தொடர்ச்சி இல்லை. பெற்றோர் ஆங்கிலவழியை நாடுவதை மொழிப்பற்றின்மை என்று கடிந்துகொள்வது எளிது. பாதி வழியில் முடியும் பாலத்தில் பிள்ளையை ஏற்ற எந்தப் பெற்றோரும் தயங்குவர்.

பாடநூலின் உள்ளடக்கமும் இதே கதைதான். இருப்புப்பாதையே இல்லாத தீவுகளில் குழந்தைகள் எதிரெதிரே வரும் தொடர்வண்டிகளின் வேகத்தைக் கணக்கிடுகின்றனர். நிக்கோபாரியர் இருபதை அடிப்படையாகக் கொண்டு எண்ணுபவர்கள். தேங்காயை இணை இணையாக எண்ணும் அவர்களது முறையை மேனும் அவர் காலத்தவரும் விரிவாகப் பதிவுசெய்துள்ளனர். பெருக்கலைத் தொடங்க இதைவிட நல்ல வாயில் கிடைப்பது அரிது. ஓஷியானியாவிலோ நோர்டிக் நாடுகளிலோ இருந்திருந்தால் அது தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமாகியிருக்கலாம்.

இங்கே சிறிய நாடுகளோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். மாலத்தீவின் மக்கள்தொகை அந்தமான் நிக்கோபாருக்கு ஏறத்தாழ நிகரானது. அங்கும் சிதறிய தீவுகள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரவழைக்கப்படும் ஆசிரியர்கள். இங்கிலாந்திலிருந்து வரும் தேர்வுத்தாள். கரீபியன் தீவுகள் இதே நிலையிலிருந்து வெளியேற 1972இல் கூட்டாக ஒரு தேர்வு மன்றத்தை அமைத்தன. ஆங்கிலேயத் தேர்வுகளின் இடத்தில் தங்கள் வரலாறும் இலக்கியமும் உள்ள பாடத்திட்டத்தை வைத்தன. பசிபிக் தீவு நாடுகள் 1968இல் சுவாவில் கூட்டுப் பல்கலைக்கழகம் கண்டன. ஏழ்மையும் சிறுமையும் அவற்றுக்கும் இருந்தன. முடிவெடுக்கும் உரிமையும் இருந்தது. அந்தமானுக்குப் பணம் வருகிறது, கட்டடம் வருகிறது. அந்த உரிமை மட்டும் வருவதில்லை. 1967இல் போர்ட் பிளேயரில் முதல் அரசுக் கல்லூரி திறக்கப்பட்டபோது அதை இணைத்த பல்கலைக்கழகம் எது என்பதே போதுமான விளக்கம்: சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு அது இணைந்தது 1980களில்தான்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கார் நிக்கோபாரின் கிராமங்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியவை, மூஸும் அப்படியே. தேவாலயங்களும் பள்ளிகளும் வீடுகளும் ஒருசேரப் போயின. கட்சாலிலும் பேரிழப்பு. நிலமே பல இடங்களில் தாழ்ந்து கடலுக்குள் சென்றது. டிரிங்கெட் போன்ற சிறு தீவுகள் ஆளற்றுப் போயின. தகரக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. பின்னர் உள்நிலத்தில் வரிசை வீடுகளும் புதுப் பள்ளிக் கட்டடங்களும் எழுந்தன. நிவாரணம் துஹேத்துக்கு அன்றித் தனிக்குடும்பத்துக்கு வழங்கப்பட்டதால் கூட்டுக்குடும்ப அமைப்பே குலைந்தது என்பதை மானிடவியலாளர் பலர் எழுதியுள்ளனர். கல்வி ஆய்வாளர்கள் அதன் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை: பள்ளியை ஊரின் பகுதியாக்கியதும் அதே துஹேத்துதான். 2011இல் நிக்கோபார் மாவட்டத்தின் எழுத்தறிவு 78 விழுக்காட்டளவில் நின்றது. மூன்று மாவட்டங்களில் அதுவே கடைசி. ஒரு காலத்தில் தன் மொழியில் படிக்கக் கற்ற தீவு அடங்கிய மாவட்டம் அது.

பயிற்றுமொழிப் பட்டியலில் இடம்பெறவே பெறாதவர்கள் இன்னும் உளர். 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓராவோன், முண்டா, காரியா மக்களைத் தீவுகளில் 'ராஞ்சி' என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றனர். காட்டை வெட்டிப் பாதை போட்டவர்கள் அவர்கள். பலருக்குத் தாம் வாழும் நிலத்துக்குப் பட்டா இல்லை. சொந்த மாநிலத்தில் உள்ள பழங்குடித் தகுதி தீவுகளில் அவர்களுக்குக் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் சாத்ரி பேசுவோர் 5.53 விழுக்காடு, குருக் பேசுவோர் 3.96 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் நிக்கோபாரியைவிட அதிகம். நடு அந்தமானில் அவர்தம் பிள்ளைகள் வீட்டில் சாத்ரி பேசி, கடைத்தெருவில் இந்துஸ்தானி பேசி, பள்ளியில் பாடநூல் இந்தியைப் படிக்கின்றனர். கல்வித் துறைப் பதிவேட்டில் அவர்கள் 'இந்தி வழி' மாணவர்கள்.